பச்சையாகிப்போன நீலச் சேட்டு: காணொளியில் நிறம் திருத்தக் கற்றுக்கொண்டது

ஏ9 வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் நாவுலச் சந்தி இருக்கிறது. எலஹெர வீதி பிரிகின்ற அந்தச் சந்திக்கு அண்மையில் ஒரு சிறிய ஸ்ரூடியோ இருந்தது. கீழே போட்டோப்பிரதி, லமினேற்றிங், அடையாள அட்டைப் படம். மேலே தகரக் கூரையின் கீழ் ஒரு கணினி. 2013 தொடக்கம் மூன்று வருடங்கள் அந்தக் கணினிக்கு முன்னால் இருந்துதான் காணொளித் தொகுப்பைக் கற்றேன். மெனிக் பாமில் இருந்து வெளியில் வந்த பிறகு ஊரில் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. மாத்தளையில் கடை வைத்திருந்த சித்தப்பா தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி என்னை அங்கே சேர்த்துவிட்டார்.

ஸ்ரூடியோக்காரரை நான் 'அய்யே' என்பேன், அவர் என்னை 'மல்லி' என்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, என்னுடைய சிங்களம் அப்போது அரைகுறை. ரது, நில், கொள, கஹ என்று நிறங்களின் பெயர்களைத்தான் முதலில் ஒழுங்காகப் படித்தேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலை என்பது கலியாண வீடுகள். நாவுல, நாலந்த, எலஹெரப் பக்கத்துக் கலியாணங்கள் பெரும்பாலும் காலை வேளையில். மண்டபத்துக்குள் ரியூப்லைற், வெளியில் மர நிழல், பிறகு படம் எடுப்பதற்கு நாலந்த கெடிகே. பல்லவர் பாணியை நினைவூட்டும் அந்தக் கற்கோயிலை, போவதென்ன நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மூடிவிடாதபடி கல்கல்லாகப் பிரித்து உயரமான இடத்தில் திரும்பக் கட்டினார்கள். மாமல்லபுரத்தைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த எனக்கு அங்கே நிற்பது ஒருவித ஆறுதல். ஆனால் கமெராவுக்கு அது தலையிடி. சுற்றிவர மரங்கள். இலைகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் மணமகளின் முகத்தைப் பச்சையாக்கிவிடும். ஒரே பெண் மண்டபத்தில் ஒரு நிறம், கெடிகேயில் இன்னொரு நிறம், வீட்டு வாசலில் வேறொரு நிறம். மூன்றையும் அடுத்தடுத்து ஒட்டினால் மூன்று பெண்களைப் போல இருக்கும். நிறத்திருத்தம் என்பது அடிப்படையில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கான வேலை. படத்தை அழகாக்குவது அதற்குப் பிறகு வருகின்ற வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் நான் பிறகு கெட்டேன்.

வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு. அதைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். மெழுகுதிரி ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய குண்டு பல்ப் 2800, மத்தியான வெயில் 5500, நிழல் 7000க்கும் மேல். எண் குறையக் குறைய வெளிச்சம் செம்மஞ்சள், கூடக் கூட நீலம். எங்கள் கண்ணும் மூளையும் இதைத் தாங்களாகவே சரிசெய்துவிடுகின்றன. குப்பி விளக்கு வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி எங்களுக்கு வெள்ளைதான். கமெராவுக்கு அது தெரியாது. 'இதுதான் வெள்ளை' என்று நாங்கள் காட்டிக்கொடுக்க வேண்டும். வைற் பலன்ஸ் என்பது அவ்வளவுதான்.

ரியூப்லைற் இந்தக் கெல்வின் வரிசைக்குள் ஒழுங்காக அடங்காது. அதற்குள் இருக்கின்ற பாதரச ஆவி பச்சைப் பகுதியில் ஒரு கூரிய ஒளிக்கோட்டை வெளியிடும். அதனால்தான் பழைய வீட்டுக் காணொளிகளில் எல்லோரும் காய்ச்சற்காரரைப் போல வெளிறிய பச்சையாகத் தெரிகிறார்கள். இதை மஞ்சள்-நீலம் மாற்றுகின்ற இழுவையால் மட்டும் சரிசெய்ய முடியாது. பச்சை-மஜெந்தா என்று இன்னோர் இழுவை இருக்கிறது, ரின்ற் என்று எழுதியிருப்பார்கள். அதை மஜெந்தாப் பக்கம் நகர்த்த வேண்டும். (இன்னொன்று: எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப்லைற்றின் கீழ் எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடுகின்ற மினுக்கம் வராது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு முழுக் கலியாணத்தைப் பழுதாக்கித்தான் தெரிந்துகொண்டேன்.)

திருத்துவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வெளிச்சத்தின் அளவு, பிறகு கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வேறுபாடு, பிறகு வெள்ளைச் சமநிலை, கடைசியில் நிறத்தின் செறிவு. நான் தொடக்கத்தில் தலைகீழாகச் செய்தேன். செறிவை ஏற்றினால் படம் உடனே பளிச்சென்று தெரியும், வாடிக்கையாளர் சிரிப்பார். ஆனால் பச்சை ஏறிய படத்தின் செறிவைக் கூட்டினால் பச்சையும் சேர்ந்து கூடும். அதற்குப் பிறகு பச்சையை எடுக்க முயன்றால் தோலில் சிவப்புத் திட்டுகள் கிளம்பும்.

கண்ணை நம்பக்கூடாது என்பது அடுத்த பாடம். தகரக் கூரையின் கீழ் மத்தியானம் ஒரு நிறம் தெரியும், இரவில் இன்னொன்று தெரியும், மொனிற்றர் தன் பங்குக்கு ஒரு பொய் சொல்லும். இதற்காகத்தான் மென்பொருளுக்குள் அளவுமானிகள் இருக்கின்றன. வேவ்போம் வெளிச்சத்தின் உயரத்தைக் காட்டும். பரேட் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வெள்ளை வேட்டி ஒன்று படத்தில் இருந்தால் அந்த இடத்தில் மூன்றும் ஒரே உயரத்துக்கு வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வெக்ரர்ஸ்கோப் என்பது வட்டமானது. நிறம் எந்தத் திசை, செறிவு எவ்வளவு தூரம் என்று அது காட்டும். அதில் ஏறத்தாழப் பதினொரு மணி முள் நிற்கின்ற திசையில் ஒரு கோடு இருக்கும். மனிதத் தோலின் நிறம் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். கறுத்த தோல், வெளுத்த தோல் என்ற வேறுபாடு அங்கே பெரிதாக இல்லை. வெளிச்சத்தின் அளவும் செறிவும்தான் ஆளுக்காள் மாறும், திசை கிட்டத்தட்ட ஒன்றுதான். இதைக் கண்டபோது எனக்குப் பெரிய சந்தோசம். 'பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கோ' என்று கேட்டு வருகின்ற தாய்மாரிடம் இந்தக் கோட்டைக் காட்டிக் கதைத்திருக்கிறேன். ஒருவரும் மனம் மாறவில்லை.

இந்தப் பழக்கம் எங்களிடம் மட்டும் தொடங்கியதல்ல. கொடாக் நிறுவனம் தனது நிறப்படச்சுருள்களைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்த முகம் நன்றாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்குக்குள் விழவில்லை. இன்றைக்குக் கைபேசிச் செயலிகளில் ஒரு தட்டலில் போடுகின்ற அழகு வடிகட்டிகளைப் பார்க்கும்போது அந்த அட்டைதான் நினைவுக்கு வரும்.

இனித் தெரிவு நிறம். படம் முழுவதும் கறுப்பு வெள்ளை, ஒரேயொரு பொருள் மட்டும் நிறத்தில். அந்த நாட்களில் எங்கள் பக்கக் கலியாண அல்பங்களிலும் காணொளிகளிலும் இது பெரிய மோகம். மணமகளின் கூறைச் சேலை சிவப்பு, மற்றதெல்லாம் சாம்பல். சினிமாவில் இது மிகப் பழைய வித்தை. ஐசன்ஸ்ரைன் 1925இல் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஏறுகின்ற கொடிக்கு மட்டும் பிறேம் பிறேமாகக் கையால் சிவப்பு தீட்டினார்கள். ஸ்பீல்பேர்க்கின் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ற்' (1993) படத்தில் யூதர் குடியிருப்பைச் சுற்றிவளைக்கின்ற நேரத்தில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பாகத் தெரியும். பிறகு பிணங்கள் ஏற்றிய வண்டிலில் அதே சிவப்பு வரும். எங்கள் ஆட்களில் யாரும் அந்தக் காட்சியை வெறும் சினிமாவாகப் பார்த்திருக்க முடியாது.

செய்முறை சொல்வதற்கு இலகு. மென்பொருளிடம் 'இந்தச் சிவப்பு' என்று ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட வேண்டும். அது மூன்று அளவுகளால் தேடும்: நிறம், செறிவு, வெளிச்சம். பிடிபட்ட பகுதியை விட்டுவிட்டு மற்றப் பகுதியின் செறிவைப் பூச்சியத்துக்கு இறக்கினால் முடிந்தது. செய்து பார்த்தால்தான் தொல்லை விளங்கும். சிவப்புச் சேலையைத் தொட்டால் உதடு, குங்குமம், மருதாணி, மாப்பிள்ளையின் காது எல்லாம் கூடவே வரும். ஏனென்றால் தோல் இருக்கின்ற திசை சிவப்புக்குப் பக்கத்து வீடு. மஞ்சள் சேலை என்றால் இன்னும் மோசம், தாலிக்கொடி, குத்துவிளக்கு, பூமாலை என்று முழு மேடையும் எழுந்து வரும். நீலமும் பச்சையும்தான் இந்த வித்தைக்கு நல்லவை, தோலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால். ஆகவே நிறத்தால் மட்டும் பிடிக்காமல், பொருளைச் சுற்றி ஒரு வடிவம் வரைந்து, அது ஆளோடு சேர்ந்து நகரும்படி தடம்பிடிக்க விடவேண்டும். ஆள் திரும்பினால், கையால் மறைத்தால், தடம் தவறும். அங்கே நிறுத்தித் திரும்பவும் வரைய வேண்டும். நான்கு செக்கன் காட்சிக்கு அரைநாள் போன சந்தர்ப்பங்கள் உண்டு.

விளிம்புகள் பல்லுப் பல்லாக வருவதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான கமெராக்களும் கைபேசிகளும் வெளிச்சத்தை முழுமையாகவும் நிறத்தைக் கால்வாசியாகவும்தான் பதிகின்றன. 1920க்கு 1080 என்ற படத்தில் நிறத்தின் தகவல் 960க்கு 540 அளவுக்குத்தான் இருக்கும். 4:2:0 என்று எழுதியிருப்பது இதைத்தான். சாதாரணமாகப் பார்க்கும்போது கண் ஏமாந்துவிடும். நிறத்தைப் பிடித்து வெட்டத் தொடங்கினால் உண்மை தெரியும். பிடிபட்ட பகுதியின் ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் ஓரளவு சமாளிக்கலாம்.

நான் அங்கே பழகியது எடியுஸ். இலங்கையில் கலியாணக் காணொளிக்காரர் பலர் அதைத்தான் வைத்திருந்தார்கள். இன்று தொடங்குகின்ற ஒருவருக்கு டாவின்சி ரிசோல்வைச் சொல்வேன். ஒரு காலத்தில் பெரிய சினிமாக் கூடங்களுக்குள் மட்டும் இருந்த கருவி அது. 2009இல் பிளக்மஜிக் நிறுவனம் வாங்கிய பிறகு ஓர் இலவசப் பதிப்பும் வந்தது. மேலே சொன்ன எல்லாவற்றையும் அந்த இலவசப் பதிப்பிலேயே செய்யலாம். கணினியில் நல்ல கிராபிக்ஸ் காட் மட்டும் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த காலத்தில், 2014இல், ஓர் அம்மா வந்தார்.

கிளிநொச்சிப் பக்கத்தவர். சித்தப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். கண்டிக்குப் போகின்ற வழியில் நாவுலவில் இறங்கினார். கையில் ஒரு டிவிடி. 2005இல், சமாதான காலத்தில் நடந்த மகளின் சாமத்திய வீடு. மூலப் பிரதி இடப்பெயர்வில் போய்விட்டது. யேர்மனியில் இருக்கின்ற தம்பிக்கு அந்த நேரம் அனுப்பிய பிரதி இருந்ததால் இது தப்பியது. அப்படித் தப்பிய காணொளிகள் எங்களில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. வன்னியில் எரிந்தது வெளிநாட்டு அலுமாரி ஒன்றுக்குள் கிடந்து திரும்பி வந்திருக்கும். அதில் அவருடைய மகன், பந்தல் கம்பத்துக்குப் பக்கத்தில், ஆட்களுக்கு நடுவில் ஒரு பதினைந்து செக்கன் நிற்கிறான். 2009இன் பிறகு அவனைப் பற்றிய தகவல் இல்லை. வேறு படம் ஒன்றும் அவரிடம் இல்லை.

"தம்பி, மற்ற ஆக்களெல்லாம் மங்கி, இவன் மட்டும் தெரியிற மாதிரிச் செய்து தருவியா?"

நான் நன்றாகச் செய்தேன். அதுதான் இன்றும் உறுத்துவது. வடிவம் வரைந்து, மற்ற எல்லோரையும் கறுப்பு வெள்ளையாக்கி, அவனை மட்டும் நிறத்தில் விட்டு, செறிவையும் கூட்டி, பெரிதாக அச்சடித்து லமினேற் பண்ணிக் கொடுத்தேன். அம்மா படத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பச்சைச் சேட்டில் பிள்ளை தெளிவாக நின்றான். அய்யே காசு வாங்க வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

சில மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். அந்தப் படத்தை ஓர் அலுவலகத்தில் முறைப்பாட்டோடு கொடுத்திருக்கிறார். விண்ணப்பத்தில் அவனிடம் இருந்த உடுப்புகளை எழுதச் சொன்ன இடத்தில் 'நீலச் சேட்டு' என்று எழுதியிருக்கிறார், கடைசியாகப் போகும்போதும் அதைத்தான் போட்டிருந்தானாம். இருந்தவர் படத்தையும் தாளையும் பார்த்துவிட்டு, அம்மா மாறிச் சொல்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"நான் தைச்ச சேட்டு தம்பி. துணி எடுத்ததும் நான்தான். அது நீலமடா."

கணினியைத் திறந்தேன். இடம் போதாதென்று டிவிடியில் இருந்து எடுத்த மூலக் கோப்பை அழித்திருந்தேன். நான் செறிவு கூட்டித் திரும்பச் சுருக்கிய கோப்புத்தான் மிச்சம். அவர் கொண்டுவந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தோம், கீறல் விழுந்து எங்கள் கருவியில் ஓடவில்லை. யேர்மனித் தம்பியிடம் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேட்டு, அது தபாலில் வந்து சேர ஐந்து மாதம் எடுத்தது. அந்த ஐந்து மாதமும் நான் கலியாண வீடுகளில் தெரிவு நிறம் செய்யவில்லை. கேட்டவர்களுக்கு மென்பொருள் பழுது என்று சொன்னேன்.

பிரதி வந்ததும் ஒழுங்காகச் செய்தேன். முதலில் படத்தில் வெள்ளை எது என்று தேடினேன். பந்தலுக்குள் மாமன் முறையானவர் வெள்ளை வேட்டியோடு நின்றார். பரேட்டில் அந்த வேட்டியின் இடத்தில் பச்சை மற்ற இரண்டையும்விட உயர்ந்து நின்றது. ஜெனரேற்றரில் எரிந்த ரியூப்லைற். மஜெந்தாப் பக்கம் நகர்த்தி மூன்றையும் சமன் செய்தேன். முகங்களில் காய்ச்சல் போனது. சேட்டு மெல்ல மெல்லப் பச்சையில் இருந்து விலகி மயில்கழுத்து நிறத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேலும் தள்ளினால் நீலமாகவே ஆக்கியிருக்கலாம். ஆனால் வேட்டி ஊதாவாகிவிடும். அளவுமானி நில் என்று சொன்ன இடத்தில் நின்றேன்.

அம்மா பார்த்தார். "ஓம், இதுதான். வெயிலுக்க நீலம், லைற்றுக்கப் பச்சை மாதிரித்தான் இருக்கும்." அவருக்கு அது முதலே தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

இந்த வேறுபாடு சிறியதாகத் தெரிந்தால், 2025இல் செம்மணியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது. ஒரு சிறு எலும்புக்கூட்டோடு நீலநிறப் பாடசாலைப் பையும் பொம்மையும் வெளியில் வந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, மீட்கப்பட்ட உடைகளையும் பொருள்களையும் மக்கள் பார்த்து அடையாளம் காண்பதற்குக் காட்சிக்கு வைத்தார்கள். தாய்மார் வரிசையில் நின்று துணிகளைப் பார்த்தார்கள். மண்ணுக்குள் கிடந்த துணி தன் நிறத்தில் இருக்காது. பருத்தி முதலில் உக்கிப்போகும், பொலியெஸ்ரர் நிற்கும், மண்ணின் கறை எல்லாவற்றிலும் ஏறும். அதனோடு ஒப்பிட வீட்டில் இருப்பது ஒரு பழைய படம் அல்லது காணொளி. அதன் நிறமும் ரியூப்லைற்றாலோ என்னைப் போன்றவனின் கெட்டித்தனத்தாலோ மாறியிருந்தால், பார்க்கின்றவர் எதை நம்புவது? தடயப் படப்பிடிப்பில் பொருளுக்குப் பக்கத்தில் அளவுகோலோடு ஒரு நிற அட்டையையும் வைத்து எடுப்பது இதனால்தான்.

காணொளியே சாட்சியாகின்றபோது இன்னும் கவனம் வேண்டும். கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் கைபேசிக் காணொளியைச் சனல் 4 தொலைக்காட்சி 2009 ஓகஸ்ட்டில் ஒளிபரப்பியபோது, அது போலி என்று அரசாங்கம் சொன்னது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நியமித்த மூன்று நிபுணர்கள் அதை ஆராய்ந்தார்கள். ஒருவர் தடயவியல் மருத்துவர், ஒருவர் துப்பாக்கிச் சூட்டு ஆய்வாளர், ஒருவர் காணொளி ஆய்வாளர். அது உண்மையானது என்பதையே ஆய்வுகள் பலமாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அல்ஸ்ரன் அறிவித்தார். விளக்கம் தேவைப்படுவதாக அவர் குறித்தவற்றில் இரண்டு, காணொளியின் இறுதியில் இருந்த 17 பிறேம்களும் கோப்புக்குள் பதிந்திருந்த 2009 யூலை 17 என்ற திகதியும். ஒவ்வொரு பிறேமையும் எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு யாராவது அந்தக் கோப்பின் வெளிச்சத்தைக் கூட்டித் திரும்பச் சேமித்திருந்தால், போலி என்று சொன்னவர்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ஆகவே வீட்டில் பழைய நாடாவோ டிவிடியோ கைபேசிக் காணொளியோ வைத்திருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது திருத்தம் அல்ல, பிரதி. கோப்பை உள்ளபடியே இரண்டு வெவ்வேறு ஹாட்டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது திரும்பச் சுருக்கப்பட்டு, உள்ளே பதிந்திருக்கும் தகவல்களும் போய்விடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்புங்கள். ஷா-256 என்ற கணக்கு எந்தக் கோப்புக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். விண்டோஸிலேயே அதற்கான கட்டளை உண்டு. கோப்பில் ஒரேயொரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். அதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைத்தால், பத்து வருடத்துக்குப் பிறகும் இது அதே கோப்புத்தான் என்று காட்டலாம். திருத்துவது எப்போதும் பிரதியில்தான்.

புதிதாகப் பதிவு செய்கின்றவர்கள், ஒரு வாக்குமூலமோ ஒரு பொருளோ எதுவானாலும், தொடக்கத்தில் இரண்டு செக்கன் ஒரு சாம்பல்நிற அட்டையைப் பிடித்து எடுங்கள். இல்லாவிட்டால் நீலம் போடாத வெள்ளைத் துணி. (நீலம் போட்டுத் தோய்த்த துணியும் பளிச்சென்ற கடதாசியும் கொஞ்சம் நீலப்பக்கம் சாயும்.) கெடிகேயின் கல் சாம்பல்தானே என்று ஒருமுறை அதை வைத்துச் சமன் செய்தேன். கல்லில் படர்ந்திருந்த பாசி கணக்கில் ஏறி, மணமகள் ரோசாப்பூ நிறத்தில் வந்தாள். கைபேசியில் எடுப்பதாயின் வைற் பலன்ஸைப் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் பக்கத்தில் ஒருவர் சிவப்புச் சேலையோடு நடந்துபோனாலே முழுப் படத்தின் நிறமும் ஆடும்.

அந்த அம்மாவுக்கு இரண்டாம் முறை இரண்டு படங்கள் கொடுத்தேன். ஒன்று ஒரு திருத்தமும் இல்லாத பிறேம், மற்றது வேட்டியை வைத்துச் சமன் செய்தது. இரண்டிலும் எல்லோரும் நிறத்தில்தான் நின்றார்கள், ஒருவரையும் சாம்பலாக்கவில்லை. பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன்: எந்தக் காணொளி, எத்தனையாவது நிமிடம், என்ன விளக்கு, என்ன மாற்றினேன். சிங்களத்தில் எழுதியதை அய்யே வாசித்து இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார். பழைய பச்சைச் சேட்டுப் படத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அம்மா தரவில்லை. முகம் அதில்தான் வடிவாய் இருக்குது என்றார்.